தூக்குக்குண்டும் ஆர்க்காட்டு மீர் முஹ்ஸினும்

சுவரெழுப்பும் கொத்தனாரின் கையில் தவறாது இருப்பது தூக்குக்குண்டு. அரபியில் இதனை ‘ஷாகூல்’ என்பர். நூலில் தொங்கும் குண்டைப் பூமி கீழே இழுக்கிறது. நூலோ தன் வழியே மேலே இழுக்கிறது. இரண்டும் ஒத்து நிற்குங்கால் குண்டு அசையாது. ஒருபுறம் இழுத்து விட்டால் அதுவே ஊசலாகிறது. சிறு வீச்சில் ஊசலாடும் காலத்தைக் குண்டின் எடை மாற்றுவதில்லை. நூலின் நீளமும் பூமியின் ஈர்ப்புமே அதனைத் தீர்மானிக்கின்றன.

இவ்வூசலை முதன்முதல் நேரமளக்கப் பயன்படுத்தியவர் கெய்ரோவில் வாழ்ந்து 1009-ல் மறைந்த வானியலறிஞர் இப்னு யூனுஸ் என்று நம்மவர் மேடைகளில் முழங்குவதுண்டு. ஆயின், இக்கூற்றுக்கு ஆதாரமில்லை. 1684-ல் எட்வர்ட் பெர்னார்ட் என்னும் ஆங்கிலேயர் எழுதிய குறிப்பொன்றிலிருந்து கிளைத்த பிழை இது என்பதை 1979-ல் வரலாற்றாய்வாளர் டேவிட் கிங் எடுத்துக்காட்டினார். இப்னு யூனுஸின் புகழுக்கு அவருடைய வானியல் அட்டவணைகளே போதும். இல்லாததைச் சூட்டி அவரை உயர்த்த வேண்டியதில்லை.

பொய்ப் பெருமையைப் பற்றிக்கொண்ட நாம், நம் மண்ணின் மெய்ப் பெருமையொன்றை மறந்துவிட்டோம் என்பதே வருத்தத்திற்குரியது.

1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே நில அளவைக்கு அடிக்கோடிட்டார். 1808-ல் அவருடைய அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றினர். சுவரில் மோதாதவாறு அதனை விலக்கிப் பிடித்திருந்த பக்கக்கயிறு அறுந்தது. விலக்கும் விசை அற்றுப்போன மறுகணமே கருவி ஊசலாகிச் சுவரில் மோதிச் சிதைந்தது. ஏறக்குறைய ஆறு வாரம் உழைத்து லாம்டன் தம் கையாலேயே அதனைச் சீர்செய்தார்.

பிற்காலத்தில் இத்தகைய கருவிகளைக் காக்கும் பொறுப்பு ஒரு தமிழகத்து முஸ்லிமிடம் வந்தது. அவரே ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுஸைன். சென்னையில் நகைக் கடையொன்றில் பணியாற்றிய அவருடைய கைத்திறனைக் கண்டு, 1820-களில் தலைமை நில அளவையாளர் பிளாக்கர் அவரைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். ஜார்ஜ் எவரெஸ்டின் நுண்கருவிகளைப் பழுதுநீக்கிய அவர், ஹென்றி பாரோ என்னும் ஆங்கிலேயர் வகித்த கருவியாக்குநர் பதவியை 1843-ல் ஏற்றார். எவரெஸ்ட் அவரைப் பெரிதும் மதித்தார்.

அந்த அளவையில்தான் ஒரு வியப்பு வெளிப்பட்டது. இமயத்திற்குத் தெற்கேயுள்ள காலியானாவுக்கும் மத்திய இந்தியாவின் காலியான்பூருக்கும் இடைப்பட்ட தொலைவை நிலத்தில் அளந்ததும், விண்மீன்களைக் கொண்டு கணித்ததும் 5.236 விகலை வேறுபட்டன. ஒரு விகலை, பாகையின் 3600-ல் ஒரு பங்கு. எனவே இப்பிழை தரையில் ஏறக்குறைய 160 மீட்டர். விண்மீனை நோக்குமுன் கருவியை நேர்நிறுத்துவது பூமியின் ஈர்ப்பைக் கொண்டே. இமயம் அந்த ஈர்ப்பின் திசையையே தன்பால் சாய்த்திருந்தது! 1855-ல் கல்கத்தாவின் பாதிரியார் பிராட் கணக்கிட்டபோதோ, வேறுபாடு 15.885 விகலை இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. மலை தன் பருமனுக்கேற்ப இழுக்கவில்லை. மலைகளுக்கு அடியில் எடை குறைந்த பாறையாலான வேர்கள் ஆழ இறங்கியுள்ளன என்று அதே ஆண்டில் ஏரி விளக்கினார். 1865 முதல் பசேவி ஊசல்களைக் கொண்டு நாடெங்கும் ஈர்ப்பை அளந்து, 1871-ல் லடாக் குளிரில் உயிர்நீத்தார்.

நம் பசுமலையடியில் வீடு கட்டும் கொத்தனாரின் நூலையும் அக்குன்று இழுக்கவே செய்கிறது. அது அவர் அறிய இயலாத நுண்ணளவு, அவ்வளவே.

ஸூரத்துர் ரஹ்மானில் அல்லாஹ் தராசை நிறுத்தியதைக் கூறி, அதில் வரம்பு மீறாதிருக்கப் பணிக்கிறான். வரலாறும் ஒரு தராசே. நம் பிள்ளைகளுக்கு முன்னோர் பெருமையைச் சொல்லும்போது, இப்னு யூனுஸின் தட்டில் இல்லாத ஊசலை வைக்க வேண்டாம். முஹ்ஸினின் தட்டில் இருக்கும் உழைப்பை எடுத்துவிடவும் வேண்டாம்.