தாம்பூலத்திலிருந்து டோர் கிஃப்ட் வரை



போன வாரம் நம்ம மண்டபத்தில் ஒரு கல்யாணம். ராத்திரி நாற்காலிகளை அடுக்கும்போது பார்த்தால், மேசைக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு பைகள் அப்படியே கிடந்தன. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு சாவிக்கொத்து. பையின் மேலே பிள்ளையார் படம். பையைக் குப்பையில் போடலாம், பிள்ளையாரை எப்படிப் போடுவது? படத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்தோம்.

அடுத்த வருஷம் நம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். வர்றவங்களுக்கு என்ன டோர் கிஃப்ட் கொடுக்கலாம்னு இப்பவே பேச்சு நடக்குது. அதனால் இந்தப் பழக்கம் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தோம்.

நம்ம முன்னோர் விருந்தாளிக்குக் கொடுத்தது வெற்றிலை பாக்குதான். சிலப்பதிகாரத்தில், மதுரையில் ஆயர் வீட்டில் கண்ணகி தன் கையால் சமைத்துக் கோவலனுக்குப் பரிமாறுகிறாள். சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள். அதற்குப் பிறகுதான் அவன் சிலம்பை விற்கக் கிளம்புகிறான். 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ பயணி இப்ன் பதூதாவும் இதைக் கவனித்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிட வெற்றிலை கொடுப்பதை இங்குள்ளவர்கள் பெரிய மரியாதையாக நினைக்கிறார்கள் என்று எழுதி வைத்தார். வாக்குக் கொடுப்பதற்கும் அதே வெற்றிலைதான். கல்யாணத்தை உறுதி செய்வதை இன்றும் நிச்சயதாம்பூலம் என்றுதானே சொல்றோம்?

இந்த மண்ணுக்கும் அது புதுசு இல்லை. பாக்குக்கு மலாயில் 'பினாங்'. புலாவ் பினாங் என்றாலே பாக்கு மரத் தீவு. அந்த மாநிலக் கொடியிலும் பாக்கு மரம்தான் நிற்கிறது. பெண் கேட்பதற்கு மலாயில் 'மெமினாங்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயும் பாக்கு இருக்கு. பெண் கேட்டுப் போகும்போது 'தெப்பாக் சீரே' என்ற வெற்றிலைப் பெட்டியும் கூடப் போகும். மலாய்க் கல்யாணத்தில் விருந்தாளிகளுக்கு 'புங்கா தெலூர்' கொடுப்பார்கள். பூ வைத்துக் கட்டிய அவித்த முட்டை அது. வம்சம் தழைக்கணும் என்பது அதன் பொருள். இப்போது பல வீடுகளில் முட்டைக்குப் பதில் சாக்லேட், கேக். நாம் வந்த வழியும் ஏறக்குறைய அதேதான்.

நம்ம மஞ்சள் பையில் என்ன இருந்தது? தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு பழம். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது. தேங்காய் சட்னியாகிவிடும். பழம் பிள்ளைங்க கைக்குப் போய்விடும். ஆனாலும் அந்தக் கல்யாணம் மறக்கவில்லை. ஏன்? வாசலில் வீட்டுப் பெரியவர் நின்று, ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா, பிள்ளைங்க வரலையா?" என்று கேட்டுத்தான் பையைக் கொடுப்பார். பைக்குள் இருந்த பொருளைவிட அந்த ரெண்டு வார்த்தைதான் மனசில் நின்றது.

பிறகு எவர்சில்வர் வந்தது. பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். நம்ம கோயில் மடப்பள்ளியில் அப்படி ஒரு செம்பு இருக்கு. அன்னதானத்துக்குச் சமைக்கும் அம்மா ஒருத்தர் சொன்னாங்க: "இந்தப் பேருக்காரங்க போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆனா தண்ணி மொள்ளும்போதெல்லாம் அவங்க பேரைச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்." தினமும் கைபடும் பொருள் என்பதால்தான் அந்தப் பெயர் வாழ்கிறது. அலமாரியில் தூங்கியிருந்தால் யாருக்குத் தெரியும்?

கூட்டத்தில் ஒருவர் நியாயமாகவே கேட்டார்: "பெருசா ஏதாவது கொடுக்கலேன்னா நாலு பேர் பேச மாட்டாங்களா?" பேசலாம். ஆனால் அரசமரத்தடியில் வந்து சேரும் பழைய சாமி படங்களையும், சாமி படம் போட்ட காலண்டர்களையும் மாதாமாதம் பொறுக்குவது நாங்கள்தான். வீட்டில் வைக்கவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனசு வராமல் ஜனங்கள் இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அச்சடித்துக் கொடுத்தவர்கள் நாம்தானே?

அதனால் தொண்டர்கள் சேர்ந்து நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம். ஒன்று, பையிலோ பொருளிலோ சாமி படம் வேண்டாம். ரெண்டு, சின்ன மஞ்சள் துணிப்பை. அதில் விபூதி, குங்குமம், மங்கலத்துக்கு வெற்றிலை பாக்கு. (பாக்கு மெல்லுவது வாய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும், அதனால் சாமியறையில் வைப்பதோடு சரி.) மூன்று, பதிவு செய்த ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் தேவார வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையால் தமிழில் எழுதிய ஒரு சீட்டு. எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

மேசையில் அடுக்கி வைத்து "எடுத்துக்கோங்க" என்று விட்டுவிட மாட்டோம். வாசலில் நின்று, பேர் கேட்டு, கையில்தான் கொடுப்போம். அதற்கு ஆள் நிறைய வேணும். இரண்டு மணி நேரம் நிற்க முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எங்களைப் பாருங்க.

அம்பாள் துணை.