சாக்பீஸ் கோட்டின் சொந்தக்காரர்

பழைய ஃபோர்-வீல் ஜீப்பின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றுமுன் கவனமான மெக்கானிக் அதில் சாக்பீஸ் கோடு ஒன்று போட்டுவைப்பார். அந்தக் கோட்டுக்குச் சொந்தக்காரர் இத்தாலியின் கர்தானோ அல்ல, இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் என்பதே என் கட்சி. ஷாஃப்ட்டுக்கே கர்தான் என்று பெயர் வழங்குகிறதே என்று கேட்கலாம். ஆனால் 16ஆம் நூற்றாண்டில் கர்தானோ எழுதியது, பொருளைச் சாயாமல் தாங்கும் வளையங்களைப் பற்றி. சுழற்சியைக் கடத்துவது பற்றியல்ல. மடங்கிச் சுழலும் மூட்டில் வேகம் ஏறி இறங்குவதை 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் ஹூக். ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் நின்றால் ஒன்றின் ஆட்டத்தை மற்றது ஈடுகட்டும். அந்த நேரைக் குறிப்பதே சாக்பீஸ் கோடு; அது தப்பினால் மூட்டில் புது கிராஸ் போட்டும் வண்டி உதறும். காருக்கான மூட்டுக்கு அமெரிக்காவின் ஸ்பைசர் காப்புரிமை வாங்கியது 1903இல்தான். ஆகவே சர்க்ளிப்பில் கை வைக்குமுன் கோட்டைப் போட்டுவிடுங்கள்.