மலைச்சரிவில் எரியும் தீ



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 16ஆம் நாள் இரவில், வடமேற்கு இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் பெருந்தீ மூட்டப்படுகிறது. டோர்ரே பெல்லிச்சே என்னும் சிற்றூரையும் அதன் அயல் ஊர்களையும் சேர்ந்த சபை மக்கள் தீயைச் சூழ்ந்து நிற்கிறார்கள். மறுநாள் ஆலயத்தில் ஆராதனையும் அதன்பின் ஐக்கிய விருந்தும் நடைபெறும். ஐயாயிரம் பேர்கூட வசிக்காத அவ்வூரின் சரித்திரத்தை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

12ஆம் நூற்றாண்டில், பிரான்சின் லியோன் நகரத்து வணிகராகிய வால்டோ தம் ஆஸ்தியை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார்; வேதபகுதிகளை மக்களின் பேச்சுமொழியில் பெயர்க்கச் செய்தார். குருப்பட்டம் பெறாதவர்கள் பிரசங்கிப்பதை அன்றைய சபைத் தலைமை ஏற்கவில்லை. 1184இல் அவரைப் பின்பற்றியோர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டனர். சிதறுண்டவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பள்ளத்தாக்குகளில் நிலைகொண்டனர். அவர்களே வால்டென்சியர் எனப்படுவோர். 1532இல் டோர்ரே பெல்லிச்சேக்கு அருகிலுள்ள ஷான்ஃபொரானில் கூடி, சீர்திருத்த இயக்கத்தோடு இணைந்தனர். 1535இல் அச்சேறிய ஒலிவெத்தானின் பிரெஞ்சு வேதாகமத்துக்குப் பொருளுதவி செய்தவர்களும் இந்த மலைவாழ் மக்களே.

அதன்பின் உபத்திரவங்கள் தொடர்ந்தன. 1655 ஏப்ரலில் சவோய் பிரபுவின் படைகள் இப்பள்ளத்தாக்குகளில் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் கொன்று குவித்தன. 1686இல் அவர்களுடைய ஆராதனை முற்றிலும் தடைசெய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர், அநேகர் சிறையிலேயே மடிந்தனர், எஞ்சியோர் சுவிட்சர்லாந்துக்குத் துரத்தப்பட்டனர். 1689இல் ஹென்றி அர்னோ என்ற போதகரின் தலைமையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் மலைகளைக் கடந்து தாயகம் திரும்பினர். ஆயினும், பள்ளத்தாக்குக்கு வெளியே நிலம் வாங்கவோ, பல்கலைக்கழகத்தில் பயிலவோ அவர்களுக்கு உரிமையில்லை. 1848 பிப்ரவரி 17ஆம் நாள் மன்னர் கார்லோ அல்பெர்த்தோ அவர்களுக்குக் குடியுரிமைகளை வழங்கினார். மலைச்சரிவில் எரியும் தீ அந்நாளின் நினைவே.

கவனியுங்கள்: கண்ணீரின் நாட்கள் எத்தனையோ இருக்க, அவர்கள் தங்கள் பெருநாளாகத் தெரிந்துகொண்டது விடுதலையின் நாளை. பெற்ற விடுதலைக்கு முன்பே அறிவின் விளக்கையும் ஏற்றியிருந்தனர். வாட்டர்லூ போரில் ஒரு காலை இழந்த ஆங்கிலேயத் தளபதி சார்லஸ் பெக்வித் இம்மக்களிடையே வந்து தங்கி, மலைக்குக்கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் எழும்பத் துணைநின்றார்.

2015 ஜூனில் போப் பிரான்சிஸ் டூரின் நகரிலுள்ள வால்டென்சிய ஆலயத்துக்கு வந்து, கடந்தகாலக் கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில், வழக்கம்போல் டோர்ரே பெல்லிச்சேயில் கூடிய வால்டென்சிய, மெதடிஸ்ட் சபைகளின் ஆலோசனைச் சங்கம் அதற்கு மறுமொழி எழுதியது. அவ்வேண்டுகோளை ஆழ்ந்த மரியாதையோடும் நெகிழ்வோடும் ஏற்றது. புதிய உறவின் தொடக்கமாக அதைக் கண்டது. ஆனால், இரத்தம் சிந்தி மரித்தவர்களின் இடத்தில் நின்று, அவர்களுக்குப் பதிலாக மன்னிக்கும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்றும் தாழ்மையோடு கூறியது.

பிரியமானவர்களே, இந்த மறுமொழி நம் குடும்பங்களுக்கும் சபைகளுக்கும் மிகவும் தேவையானது. தகப்பன்மார் பட்ட காயத்தைப் பிள்ளைகள் பகையாகச் சுமக்கிறோம். அல்லது, அடிபட்டவர் வாய்திறக்குமுன்பே, அடிபடாத நாம் முந்திக்கொண்டு, போனது போகட்டும் என்று அவருக்காக மன்னித்துவிடுகிறோம். முன்னது அன்பைக் கொல்கிறது. பின்னது உண்மையைக் கொல்கிறது. அச்சிற்றூரில் கூடியவர்கள் இரண்டையும் செய்யவில்லை. நீட்டப்பட்ட கரத்தைப் பற்றினார்கள். மரித்தோரின் துயரத்தையும் மறைக்கவில்லை.

இவ்வாரம் உங்கள் வீட்டில் நெடுநாளாய்ப் பேசப்படாத ஒரு காயம் உண்டானால், அது யாருடைய காயம் என்று முதலில் கேளுங்கள். உங்களுடையதானால், மன்னிக்கக் கர்த்தரிடம் பெலன் கேளுங்கள். பிறருடையதானால், அவர் பேசும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.

சமாதானத்தின் தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.