மன்னார்த் தீவில் காற்றாலை எதிர்ப்பு: ஒரு வரலாற்று நோக்கு

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வேப் பணிக்கு வந்து குடியேறிய இலங்கைத் தமிழரைப் பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடுகிறோம். மன்னார் நம் ஆய்வெல்லைக்குள் வருவது அரிது. வந்தாலும் முத்துக்குளிப்போடு முடிந்துவிடும். அத்தீவில் 2025ஆம் ஆண்டு வலுத்த காற்றாலை எதிர்ப்பை விளங்கிக்கொள்ளவும் முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குவதே பொருத்தமெனக் கருதுகிறோம்.

மன்னாரை 1560இல் போர்த்துக்கீசியரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். மூவர் கண்ணும் முத்துச் சலாபத்தின் மீதே இருந்தது. சலாபம் எப்போது நடைபெறும், எவருக்குக் குத்தகை என்பனவற்றை ஆட்சியாளரே முடிவு செய்தனர். கடற்செல்வம் தீவின் வழியாகச் சென்றதேயன்றித் தீவில் தங்கியது சொற்பம்.

இன்று முத்தின் இடத்தில் காற்று உள்ளது. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றைப் பெயரிட்டழைத்து, அதன் போக்கறிந்தே கடலுக்குச் செல்வோர் வடபுலத்து மீனவர். மன்னாரில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் தென்கரையில், ஆசிய வளர்ச்சி வங்கியின் 20 கோடி டாலர் கடனுதவியுடன், இலங்கை மின்சார சபை 30 காற்றாலைகளை நிறுவியது. 103.5 மெகாவாட் திறனுடைய இத்திட்டம் 2020 டிசம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் எழுந்த முறையீடுகளில் இயற்கையழகு பற்றிய பேச்சு குறைவே. அத்தீவு மிகத் தாழ்ந்த மணற்பரப்பு. காற்றாலைகளுக்கென அமைத்த பாதைகளும் அடித்தளங்களும் மழைநீரின் வடிகாலை மறித்து வெள்ளத்தைப் பெருக்கின என்பதும், கரைவலைத் தொழில் நலிந்தது என்பதும் மக்கள் கூற்று. இல்மனைட் மணல் அகழ்வு பற்றிய அச்சமும் இவற்றோடு சேர்ந்துகொண்டது.

அடுத்து அதானி நிறுவனம் 52 காற்றாலைகளை அமைக்க முன்வந்தபோது, சுற்றுச்சூழல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் 2024இல் உயர் நீதிமன்றத்தை நாடினர். மத்திய ஆசியப் பறவைகளின் வலசைப் பாதை அங்கு முதன்மை வாதமாயிற்று. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகியது. எனினும் வேறு இரு நிறுவனங்களின் திட்டங்கள் தொடர்ந்தன. ஆகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மக்கள் மறித்தனர். குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். செப்டம்பரில் பணி மீளத் தொடங்கியதும் காவல்துறையினருடன் மோதலும், அதனைத் தொடர்ந்து முழு அடைப்பும் நிகழ்ந்தன.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவு இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. அங்கு 181 காற்றாலைகளுக்கான திட்டத்திற்கு எதிராகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் பதிவாயின. 2008 ஏப்ரலில் அரசு அனுமதி மறுத்தது. காட்டப்பட்ட சட்டக் காரணம் சதுப்பு நிலமும் பறவைகளுமே. அவ்வகையில் இரு தீவுகளிலும் மனிதர் தம் வாழ்வுக்காகப் பறவைகளைத் துணைக்கழைக்க வேண்டியிருந்தது. ஆயினும் லூயிஸில் ஆட்சேபங்கள் திட்டம் தொடங்குமுன்னரே கேட்கப்பட்டன. மன்னார் மக்களோ முதல் முப்பது காற்றாலைகள் சுழலத் தொடங்கிய பின்னரே தெருவுக்கு வந்தனர். போராட்டத்தில் அவர்கள் கூறியதும் தெளிவானது: காற்று மின்சாரத்தை எதிர்க்கவில்லை, தீவுக்கு வெளியே அமையுங்கள் என்பதே.