கையெடுக்காமல் ஒரு கோடு

பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை இரவு. பியர்பொன்ட்ஸில் இளையோர் கூட்டம் முடிந்தும் பெற்றோரின் கார்கள் வந்து சேரவில்லை. வெள்ளைப் பலகையில் யாரோ ஒரு சதுரம் கீறி, மூலைக்கு மூலை இரண்டு கோடும் போட்டுவிட்டார். கையெடுக்காமல், போன கோட்டிலேயே திரும்பப் போகாமல் அதைக் கீற வேண்டும். முக்கால் மணி நேரம் முயன்றோம். ஒவ்வொரு முறையும் ஒரு கோடு மிஞ்சியது. ஆளுக்காள் குற்றம் சொன்னதுதான் மிச்சம்.

18ஆம் நூற்றாண்டில் இதே தவிப்பு ஒரு நகரத்துக்கே இருந்தது. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பேர்க் நகரைப் பிரெகல் ஆறு நான்கு நிலத்துண்டுகளாகப் பிரித்தது. அவற்றை ஏழு பாலங்கள் இணைத்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரேயொரு தடவை கடந்து எல்லாவற்றையும் நடந்து முடிக்கலாமா?

1735இல் சென்ற் பீற்றேர்ஸ்பேர்க் அறிவியற் கழகத்தில் லெயோனார்ட் ஆய்லர் இதற்கு விடை சொன்னார். (சுவிற்சர்லாந்துப் போதகர் ஒருவரின் மகன். அப்பா அவரையும் போதகராக்கத்தான் எண்ணியிருந்தார்.) அவர் வழிகளை ஒவ்வொன்றாகத் தேடவில்லை. ஒரு நிலத்துக்குள் ஒரு பாலத்தால் வந்தால் இன்னொரு பாலத்தால் வெளியேற வேண்டும். ஆகவே தொடங்கும் இடமும் முடியும் இடமும் தவிர, மற்ற எல்லா இடங்களிலும் பாலங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருக்க வேண்டும். கோனிக்ஸ்பேர்க்கிலோ க்னைப்ஹோவ் தீவுக்கு ஐந்து, மற்ற மூன்று நிலங்களுக்கும் மும்மூன்று. நான்குமே ஒற்றை. முடியாது, அவ்வளவுதான். கோட்டுருவியல் என்ற கணிதப் பிரிவு இங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள்.

எங்கள் சதுரத்திலும் நான்கு மூலைகளிலும் மூன்று மூன்று கோடுகள். யாருடைய கெட்டித்தனத்திலும் குறையில்லை! மேலே இரண்டு கோட்டால் ஒரு கூரை போட்டுவிட்டு, கீழ் மூலையிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

'இன்னும் கண்டுபிடிக்கவில்லை' என்பதும் 'இல்லவே இல்லை' என்பதும் ஒன்றல்ல. தாதியர் வேலையில் இதை நாம் அடிக்கடி காண்கிறோம். முதலாவதற்கு இன்னொரு சோதனை செய்யலாம். இரண்டாவது என்று தெரிந்த பின்னும் தேடிக்கொண்டிருந்தால் நோயாளிக்குத்தான் களைப்பு.

அம்மம்மாமார் போட்ட சிக்குக் கோலமும் இந்தக் கணக்குக்குச் சொந்தம்தான். கோடு தன்னை வெட்டும் ஒவ்வொரு சந்தியிலும் நான்கு கிளைகள், அதாவது இரட்டை. ஆய்லரின் விதி அங்கே தடை சொல்லாது. ஆனால் கோலத்தின் சட்டம் இன்னும் கடுமையானது: சந்தியில் திரும்பாமல் நேரே போக வேண்டும். அதனால் சில கோலம் ஒரே கோட்டில் முடியும், சிலதுக்கு இரண்டு மூன்று வளையம் வேண்டும். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் வெளியிட்ட ஆய்வில், கோலங்களைக் கணினிக்குரிய இலக்கண விதிகளாக எழுதினார்கள். வாசலில் மாவால் போட்டதை ஒருவரும் அதுவரை அப்படிப் படித்ததாக நமக்குச் சொல்லித்தரவில்லை.

கோனிக்ஸ்பேர்க்குக்கு வருவோம். 1944 ஆகஸ்டில் பிரித்தானிய விமானங்கள் குண்டு போட்டதில் இரண்டு பாலங்கள் அழிந்தன. போருக்குப் பின் நகரம் சோவியத் ஒன்றியத்தின் காலினின்கிராட் ஆயிற்று. பழைய ஏழு இடங்களில் ஐந்தில் மட்டுமே இன்று பாலம் உண்டு. ஒற்றை எண் இப்போது இரண்டு தீவுகளுக்கு மட்டும்தான். ஒரு தீவில் தொடங்கி மற்றத் தீவில் முடித்தால் அந்த நடை இப்போது சாத்தியம். அதை நடந்து பார்க்கப் பழைய நகரத்து ஜெர்மானியர் அங்கே இல்லை. போரில் தப்பியோடாமல் எஞ்சியிருந்தவர்களையும் 1948க்குள் வெளியேற்றிவிட்டார்கள்.