நாடு, தேசம், பற்று

நாட்டுப்பற்று என்றதும் கொடியும் எல்லையும் ராணுவமும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. ‘நாடு’ அவ்வளவு பெரிய சொல்லாகத் தொடங்கவில்லை.

சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த வேளாண் வட்டாரம். அதன் பொதுக்காரியங்களைப் பார்த்தவர்கள் நாட்டார். முதலாம் ராஜராஜன் காலத்தில் பல நாடுகள் சேர்ந்து ஒரு வளநாடு ஆயிற்று. ஒரத்தநாடு, செட்டிநாடு, வயநாடு ஆகிய பெயர்களில் அந்தப் பழைய அளவு இன்னும் தங்கியிருக்கிறது.

‘தேசம்’ வடமொழி வரவு. இடம், பகுதி என்பதே பழம்பொருள். வேற்றிடத்தவனைக் குறித்த ‘பரதேசி’ பிச்சைக்காரனைக் குறித்து, பிறகு வசவாகவே இறங்கிவிட்டது. ‘சுதேசி’யோ போராட்டச் சொல்லாகி, 1906-இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய கப்பல் கம்பெனியின் பெயரிலும் ஏறியது.

‘பற்று’ தமிழ், பிடிப்பு என்று பொருள். ஒருவர் தம் பிடிப்புகளை எண்ணிப் பார்க்கலாம்: உலகக் கோப்பையில் இந்தியா, ஐபிஎல்லில் சென்னை, காவிரி என்றால் தமிழ்நாடு, ஆடி மாதத்தில் குலதெய்வம் இருக்கும் ஊர். ஒன்று இன்னொன்றை அழிப்பதில்லை. ‘தேசியவாதம்’ இவற்றில் ஒன்றை மட்டும் கேட்கும்போது, ‘நாட்டுப்பற்று’ எல்லாவற்றுக்கும் இடம் தருகிறது. அந்த அகலத்தோடு அதைப் புழங்குவதே நல்லது.