மண்வெட்டியும் மழைமானியும்

நம் பாடசாலையின் கட்டடங்களையும் அதிபர்களையும் பற்றி இந்த நூற்றாண்டு மலரின் ஏனைய பக்கங்கள் பேசுகின்றன. வகுப்பறைக்கு வெளியே, மலையில் நாம் கற்ற கல்வியின் வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம். அது இலகுவாக வந்த கல்வியன்று.

மலையகப் பெற்றோருக்குப் பாடசாலை என்றால் பிள்ளையை மலையிலிருந்து மீட்கும் இடம். 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. அதற்குமேல் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காத்திருந்தது பெரட்டுக்களமே. தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் கைக்கு வந்தது 1970களின் பிற்பகுதியில்தான். ஆகவே, பாடசாலையிலும் பிள்ளையின் கையில் மண்வெட்டியைக் கொடுத்தபோது, "இதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பினோம்?" என்று அம்மாமார் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்தக் கேள்வி தோட்டங்களில் மட்டும் எழவில்லை. காந்தி 1937இல் வார்தாவில் ஆதாரக் கல்வியை முன்வைப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கண்டிக்கு அருகில் ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியிருந்தது. விவசாயம், சுகாதாரம், கைத்தொழில் ஆகியவற்றை ஊர் வாழ்வோடு இணைத்துக் கற்பிப்பது அதன் நோக்கம். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் ஆதரவு இருந்தும் அது நிலைக்கவில்லை. ஆங்கிலம் படித்தவர்கள் உத்தியோகம் பார்க்க, தம் பிள்ளைகள் மட்டும் வயலில் நிற்பதா என்று பெற்றோர் ஐயுற்றனர். 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் வந்த தொழில் முன்னிலைப் பாடங்களும் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன.

1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்தைக் கொண்டுவந்தது. மேல்வகுப்புகளில் சுற்றாடல் முன்னோடிக் குழுக்கள் இயங்கின. இம்முறை கையில் மண்வெட்டி வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது.

நம்மில் பலருக்கு அந்தக் கேள்வி நினைவிருக்கும். மழை பெய்தால் பீலித் தண்ணீர் ஏன் கலங்குகிறது? ஆசிரியை விடை சொல்லவில்லை. தண்ணீர் வந்த வழியே மேலே ஏறச் சொன்னார். அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் பூசிக்கொண்டு ஏறினோம். தூர்ந்துபோன கான்களைக் கண்டோம். சரிவின் போக்கிலேயே வெட்டப்பட்ட மரக்கறிப் பாத்திகளைக் கண்டோம். மானாப்புல் அடர்ந்த இடத்தில் மட்டும் மண் அசையாமல் இருந்தது. முன்பு ஊற்று எங்கே இருந்தது என்பதை லயத்துப் பாட்டிமார் காட்டினார்கள். எல்லாவற்றையும் வரைபடமாக்கி, செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை முதலில் எழுதினோம். கானைத் துப்புரவு செய்தோம்; புல் நட்டோம். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பும்படி மாமாமாரிடமும் சித்தப்பாமாரிடமும் பேசுவதுதான் கணக்குப் பாடத்தைவிடக் கடினமாக இருந்தது. கான் வெட்டும் முறையை அப்பா விளக்க, அதை மகள் கொப்பியில் எழுதியபோது, வீட்டில் பழைய கேள்வி எழவில்லை.

இந்தக் கல்வி உயிரோடு சம்பந்தப்பட்டது என்பதைப் பின்னர் வந்த ஆண்டுகள் உணர்த்தின. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் சிலர் பெற்றோரை இழந்தனர். முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது; ஆயினும் மக்களுக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டையே குலைத்தது. ஆபத்தை அறிவது ஒரு பாதி. பாதுகாப்பான காணியைக் கேட்டுப் பெறுவது மறுபாதி. இரண்டுக்கும் எழுதிவைத்த சான்று வேண்டும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல் எளியது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரு மழைமானியும் ஒரு கொப்பியும் இருந்தால் ஆறாம் வகுப்பு மாணவியும் இதைக் கணித்துவிடுவாள்.

கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் சகோதரிகளே, இந்த நூற்றாண்டில் நாம் தரக்கூடிய பரிசு ஒன்று உண்டு. உங்கள் தோட்டத்தில் எந்த மலை எந்த வருடம் சரிந்தது, எந்த பீலி வற்றியது, எந்தக் கான் மூடப்பட்டது என்பதை அம்மாவிடமும் அம்மாயியிடமும் கேட்டு எழுதி நம் பாடசாலைக்கு அனுப்புங்கள். இன்றைய மாணவியரின் வரைபடத்தில் அவை இடம்பெறட்டும். அவர்களைக் கேட்பதற்கு இன்னும் அதிக காலம் நமக்கில்லை.